இடம் பார்க்கும் மாஸ்டர்

ஹட்டன், டிக்கோயாப் பக்கம் எங்காவது ‘காணி விற்பனைக்கு’ என்று பலகை தொங்கினால், விற்பவரின் சொந்தக்காரர்களுக்கு முன்பே இடம் பார்க்கும் மாஸ்டருக்குச் செய்தி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் வந்து இறங்குவார். ஒரு கையில் குடை, மறு கையில் அளவு நாடா. மனைவி இறங்கவே மாட்டார். “நீங்க பாத்துட்டு வாங்க. எப்பிடியும் வாங்கப் போறதில்ல.”

மாஸ்டர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கொழும்பிலுள்ள மகன் வேறு, “எங்க பிடிக்குதோ அங்க வாங்குங்கப்பா” என்று சொல்லிவிட்டான். வினையே அங்கேதான் தொடங்கியது. எங்கே பிடிக்கிறது என்று அவருடைய தாத்தாவை யாரும் கேட்டதில்லை, அப்பாவையும் கேட்டதில்லை. தோட்டத்துத் துரை ஒதுக்கிய லயத்தில், கணக்கப்பிள்ளை கைகாட்டிய காம்பிரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதற்குள்தான். அவர்கள் செய்யாமல் விட்ட தெரிவையெல்லாம் சேர்த்து மாஸ்டர் ஒருவரே செய்தாக வேண்டும். அவசரப்படுவாரா?

“ஹட்டன் டவுன்லயே பாக்கலாமே சேர்?” என்பார் புரோக்கர்.

“ரயில் இருக்கு, பேங்க் இருக்கு, மாணிக்கப் பிள்ளையார் இருக்கார். ஆனா டிசம்பர் போயாவிலருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போற பஸ் ராத்திரி பூரா ஹார்ன் அடிப்பான். புண்ணியம் அவங்களுக்கு, தூக்கம் போறது எனக்கா?”

டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி, 2017இல் மோடி வந்து திறந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் இடம் வந்தது. “ஆஸ்பத்திரிய தெனம் பாத்துக்கிட்டிருந்தா இல்லாத வருத்தமெல்லாம் வரும்” என்றார். சரியென்று அதைவிட்டுத் தள்ளி ஒன்றைக் காட்டினால், “அவசரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி கிட்ட இல்லியே!”

கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மாஸ்டருக்குப் பொருத்தமான ஊர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். “திரும்பின பக்கமெல்லாம் வாத்தியார். நான் பேசினா எவன் கேப்பான்?” வட்டவளை மழைக்கு ஆகாது. மஸ்கெலியா? பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள்ளே கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். “ஒருக்கா முங்கின ஊரு” என்று முடித்துவிட்டார். நுவரெலியா ஏப்ரலில் குதிரைகளுக்கும் கொழும்புக்காரர்களுக்கும் சொந்தம், மிச்ச மாதங்களில் குளிருக்கு.

இவ்வளவிலும் நான் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. எந்தக் காணிக்குப் போனாலும் பின்னால் நடந்து போய் மண்மேட்டை அண்ணாந்து பார்ப்பார். மண்சரிவு அபாயமில்லை என்ற கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இருக்கிறதா என்று கேட்பார். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிய பிறகு வந்த பழக்கம் இது. அந்தக் கேள்விக்குப் புரோக்கர் செருமினால், மாஸ்டர் மறுபேச்சில்லாமல் ஆட்டோவில் ஏறிவிடுவார். அங்கே அவர் செய்வதுதான் சரி.

மற்றபடி உறுதியில் ஓர் எழுத்துப் பிழை போதும், வாசல் தெற்குப் பார்த்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காவிட்டால் போதும். சிரித்தாலும், “இப்பவே இப்பிடிச் சிரிக்கிறவன் நாளைக்குக் கடன் கேப்பான்.”

மாஸ்டரின் மனைவியைக் கேட்டால் ஒரே பதில்தான்: “பீலிக்குப் போகாம குசினிக்குள்ள பைப் வந்தா போதும். அது எந்த ஊரா இருந்தா எனக்கென்ன?” இதை மாஸ்டர் காதில் வாங்குவதில்லை. வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேலை இருக்காது.

ஆகவே, விற்பதற்குப் பத்து பேர்ச்சஸ் வைத்திருப்பவர்களே, மாஸ்டருக்காக விலையைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு பிளேன்டீ கொடுங்கள், சொல்லுகிற குறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையை மட்டும் கழற்ற வேண்டாம். அடுத்த ஞாயிறு சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வருவார்.