விலை பேச ஆளில்லை

வளைகுடாவிலிருந்து அருமனைக்குத் திரும்பியவர்கள் பெட்டியில் என்ன இருக்கும் என்பது ஊரறிந்த சங்கதி: டேப் ரிக்கார்டர், கோடாலித் தைலம், டாங் பொடி, கனத்த போர்வை. கார்டு அண்ணன் கொண்டுவந்தது பைசா தீர்ந்துபோன டெலிபோன் கார்டுகளை. செல்போன் பரவுவதற்கு முந்தைய காலம் அது. அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிபோன் கூண்டு முன்னால் வரிசை நிற்கும். பேசி முடித்தவன் கார்டைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவான். அண்ணன் கார்டைப் பொறுக்குவார். எதிஸலாத் 30 திர்ஹம், பஹ்ரைனின் பட்டெல்கோ, சவுதிக் கார்டு என்று ஒரு பெட்டி நிறைந்தது. ஊர் சிரித்தது.

உலகம் முழுக்க இதைப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று வலைத்தளமே இருக்கிறது என்று மகன் காட்டிய பிறகு சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. இந்தக் கார்டு 1976இல் இத்தாலியில், சில்லறைத் தட்டுப்பாட்டில் பிறந்தது. சாயாக்கடையில் அண்ணன் இதைச் சொல்லும்போது அந்தத் தட்டுப்பாட்டில் அவரே மாட்டிக்கொண்டு தவித்த மாதிரி இருக்கும்.

வலைத்தளத்தில் சேர பைசா வேண்டாம். கைவசம் உள்ளவை, தேவைப்படுபவை, மாற்றிக்கொள்ளக் கொடுப்பவை என்று பட்டியல் போடலாம். விளம்பரத் தொல்லை போகவும் நுணுக்கித் தேடவும் மட்டும் பிரீமியம் என்று சந்தா கட்ட வேண்டும். விலை யூரோவில். அண்ணன் அதை முதலில் திர்ஹமாக மாற்றுவார், பழக்கதோஷம். அப்புறம் ரூபாய். அப்புறம் ரப்பர் ஷீட்டு. மழையில் பால்வெட்டு நின்றுகிடக்கும் மாதத்தில் ஷீட்டுக் கணக்குப் பார்த்தால் எந்தப் பொருள்தான் கட்டுபடியாகும்?

உண்மையில் தொகை அவருக்குப் பெரிதல்ல. மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் குலைக்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தவர் அவர் வம்சத்திலேயே கிடையாது. இங்கே விலை பேச ஆளில்லை, ஒரு பொத்தான்தான் இருக்கிறது. பக்கத்தில் ‘உங்கள் கருத்து’ என்றொரு கட்டம். அண்ணன் அதற்குள் இறங்கிவிட்டார்.

முதல் வரி நலவிசாரிப்பு. இரண்டாம் வரி பாராட்டு. மூன்றாவதில் வேலை தொடங்கும்: “ஒரே பருந்துப் படம் போட்ட இரண்டு கார்டில் பின்பக்க எண் வேறாக இருந்தால் அவை இரண்டு கார்டுகள். உங்கள் தேடலில் ஒன்றாக வருகின்றன.” சேகரிக்கிறவர்கள் யாரும் மறுக்க முடியாத குறை. அடுத்த வரி: “அறுபது தாண்டியவர்களுக்கும் கல்ஃபிலிருந்து திரும்பியவர்களுக்கும் பிரீமியத்தை இலவசமாக்கவும்.” இரண்டிலும் தாமே வருவதை அவர் ஒளிக்கவில்லை.

கஞ்சன் என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தளத்தின் வளைகுடாப் பக்கங்களில் ஏகப்பட்ட படங்கள் அவர் ஸ்கேன் எடுத்து ஏற்றியவை. வருஷம் தப்பென்றால் திருத்துவதும் அவரே. கூலி கிடையாது. “சர்ச்சு கெட்ட மண்ணு சொமந்தவன்ட்ட உள்ள வர டிக்கெட்டு கேக்கலாமா?” என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒருநாள் அவர் கேட்ட வசதி வந்தேவிட்டது, பின்பக்க எண் வைத்துத் தேடலாம் என்று. ஜங்ஷன் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுத்தினார். பூட்டுப் படம் வந்தது: பிரீமியத்துக்கு மட்டும்.

“எனக்க ஐடியாவ எனக்கே விக்கானுவ, கேட்டியா!”

“நான் கெட்டித் தாறேன் அப்பா” என்றான் துபாயில் இருக்கும் மகன். அண்ணன் ஒப்பவில்லை. அவர் வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அவன்தானே கெட்டப்போறான், ஒங்களுக்கு என்ன போச்சு?”

“வெல கொறச்சு எழுதியிருக்கேன். பதிலு வரட்டு.”

டிசம்பரில், அருமனை கிறிஸ்துமஸ் விழாவுக்கு ரோட்டில் சீரியல் லைட்டு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிரீமியம் பாதி விலைக்கு என்று மின்னஞ்சல் வந்தது. உலகத்துக்கே அனுப்பியதுதான். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“பாதிக்கு எறங்கீட்டான்” என்றார். “இனியும் எறங்குவான்.”