சத்தத்துக்கு ஏகாதசி

நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிகளின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. பணம் கொடுப்பவன் டிக்கெட் வாங்கிய ரசிகன். வள்ளல் பட்டம் போவது மேடையில் நிற்பவருக்கு. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பதற்கு ராக் உலகில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அப்படியென்றால் இசைக்குழு தன் கையிலிருந்து கொடுப்பது என்ன? சம்பளம் வாங்காமல் பாடுகிறார்களே என்பீர்கள். மாளிகை மாளிகையாக வைத்திருப்பவருக்கு ஒரு நாள் கூலி போனால் வலிக்காது. வலிக்கும்படி கொடுக்க அவரிடம் இருப்பது ஒன்றுதான்: சத்தம். மின்கிட்டாரை மூட்டை கட்டி வைத்துவிட்டு அகௌஸ்டிக் கிட்டாரோடு முக்காலியில் உட்காருகிறாரே, அதுதான் அசல் தானம் என்பது என் கட்சி.

முதல் சாட்சி பீட் டவுன்ஷெண்ட். இவருடைய ‘தி ஹூ’ குழு 1976-இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் வாசித்தபோது, 32 மீட்டர் தள்ளி நின்று அளந்தும் 126 டெசிபெல் காட்டியது. கின்னஸ் புத்தகம் உலகின் மிக உரத்த குழு என்று பதிந்துகொண்டது. மேடையில் கிட்டாரை ஓங்கி அடித்து உடைப்பதும் அவர் வழக்கம். அதே மனிதர் 1979-இல் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்காக லண்டன் நாடக அரங்கு ஒன்றில், சாதுவாக அகௌஸ்டிக் கிட்டார் வாசித்தார். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் செவ்வியல் கிட்டார் மேதை ஜான் வில்லியம்ஸ் வேறு. மல்லர் ஒருவர் பூத்தொடுக்க உட்கார்ந்த கதைதான். கிட்டார் உடையாமல் வீடு திரும்பியது.

அடுத்த சாட்சி இன்னும் பெரியது. கலிபோர்னியாவில் பிரிட்ஜ் பள்ளி என்று ஒன்று உண்டு. பேச்சும் உடலசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள், கருவிகளின் துணையோடு தங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லக் கற்கும் இடம். அதை நிறுவியவர்களில் ஒருவர் பெகி யங். அவரும் கணவரான ராக் பாடகர் நீல் யங்கும் அதற்காக 1986-இல் கச்சேரி தொடங்கினார்கள். பெரும்பாலும் அகௌஸ்டிக் வாசிப்புதான். 1997-இல் இரைச்சலுக்குப் பேர்போன மெட்டாலிகா குழுவே வந்து அப்படி வாசித்தது. கருவி இருந்தால்தான் பேச முடியும் என்ற குழந்தைகளுக்காக, கருவி இல்லாமல் ஒரு நாளும் பேசியறியாதவர்கள் அதைத் துறந்தார்கள்! பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததும் மேடையிலேயே, வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இங்கே பாத்திரம் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. டிரம்ஸை எப்படி வெளுப்பது?

“எல்லாம் வேஷம், மைக் இருக்கிறதே” என்று ஒருவர் குறுக்கிடலாம். நியாயம்தான். பிரிட்ஜ் பள்ளிக் கச்சேரி நடந்த ஷோர்லைன் திறந்தவெளி அரங்கு ஏறத்தாழ 22,000 பேர் கொள்ளும். வெறும் மரப்பெட்டியின் ஓசை அங்கே ஐந்தாவது வரிசையைத் தாண்டாது. தொலைக்காட்சிக்காக 1993-இல் நியூயார்க்கில் நடந்த ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியில் நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் அகௌஸ்டிக் கிட்டாரையே ஆம்ப்ளிஃபயரில் செருகினார். அந்த ஆம்ப்ளிஃபயரை வேறொரு பெட்டி போலத் தோன்றும்படி மறைத்தும் வைத்தார்கள். ஏகாதசிக்குச் சோறு மட்டும்தானே விலக்கு, ரவா உப்புமாவும் சேமியா பாயசமும் யார் கணக்கு என்கிற ரகம். ஆனாலும் விரதம் விரதம்தான். எதை உள்ளே தள்ளினார் என்று பார்க்கக் கூடாது, எது இல்லாமல் தவித்தார் என்று பார்க்க வேண்டும். இரைச்சல் போனதும் பாட்டின் வரிகள் ஒவ்வொன்றாகக் காதில் விழும். ராக் வரிகள் பலவற்றுக்கு அது உகந்ததல்ல என்பது பாடுகிறவருக்கும் தெரியும்; தெரிந்தே பாடுகிறார்.

இது விளம்பரத்துக்கு நல்ல வழி என்ற இன்னொரு ஆட்சேபத்துக்கு நான் பாதி தோற்றுப்போகிறேன். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992-இல் வெளியிட்ட ‘அன்பிளக்ட்’ ஆல்பத்தின் புண்ணியத்தில் மறு ஆண்டு கிராமி விருதுகள் வாங்கினார். விரதச் சாப்பாடு ஓட்டல் மெனுவில் ஏறிய தருணம் அது. ஆனால் ஓட்டல்காரன் செய்த காரியத்துக்கு விரதம் இருப்பவனைத் திட்டுவது சரியில்லை.

பிரிட்ஜ் பள்ளிக் கச்சேரி 2016 அக்டோபரோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசி முறையும் மெட்டாலிகா வந்திருந்தது, அகௌஸ்டிக் கிட்டாரோடு.