மாடியேறி

மரம் ஏறுகிறவர் மரமேறி. மலை ஏறுகிறவர் மலையேறி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு, அதிகம் பழகாத ஒருவர் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தி, "தோட்டம் பார்க்க வரலாம்னு சொல்லியிருந்தீங்க" என்று சொல்லி, வாயால் பேசிக்கொண்டே கண்ணால் மாடிப்படியைத் தேடுகிறாரே, அவருக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. மாடியேறி என்று வைத்துக்கொள்வோம்.

சென்னையில் பேட்டைக்கு ஒருவராவது தேறுவார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். இல்லையென்றால் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே மனத்தளவில் ஓய்வு பெற்றுவிட்டவர். அடையாளம் எளிது. தலையில் தொப்பி, தோளில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு பேனாக்கத்தி, நனைத்துப் பிழிந்த செய்தித்தாள், மூடி இறுக்கமான இரண்டு காலி பாட்டில்கள், பழைய மாத்திரை டப்பாக்கள் நாலைந்து, பென்சில் செருகிய ஒரு நோட்டு. கத்தி, கிளை வெட்ட. செய்தித்தாள், வெட்டிய கிளையைச் சுற்ற. பாட்டில், யாராவது பஞ்சகவ்யம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள. டப்பா விதைக்கு. நோட்டு அறிவுக்கு.

மேலே வந்ததும் அவர் செடியைப் பார்ப்பதில்லை. முதலில் தரையைப் பார்ப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பைகளுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறதா, தளத்தில் எங்கேயாவது ஈரம் கோத்திருக்கிறதா என்று கார்ப்பரேஷன் இன்ஜினீயரைப் போல ஒரு நடை. அப்புறம் நிழல்வலையை அண்ணாந்து பார்த்து, "இது வர்தாவுக்கு முன்னாடி போட்டதா, பின்னாடியா?" என்பார். 2016 டிசம்பர் 12 அன்று அந்தப் புயல் சென்னை மாடிகளில் இருந்த பச்சை வலைகளைக் கம்பியோடு பிடுங்கி அடுத்தவர் வீட்டுத் தென்னையில் மாட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வலை கட்டியவர்கள் முடிச்சு போடும் விதமே வேறு. மாடியேறிக்கு முடிச்சைப் பார்த்தால் வருஷம் தெரியும்.

கடைசியில்தான் ஒரு பைக்குள் விரலை விட்டுக் கிளறி, ஒரு சிட்டிகை எடுத்து, விபூதி மாதிரி உள்ளங்கையில் தேய்த்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார்.

"கலவை என்ன விகிதம் சார்?"

செம்மண், தென்னைநார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எந்த மாடியிலும் அந்தக் கணக்கு மட்டும் இருப்பதில்லை. நங்கநல்லூர்க்காரர், மண்ணே கூடாது, தளம் பாரம் தாங்காது என்பார். கொளத்தூர்க்காரர், மண் இல்லாமல் வளர்ப்பதற்குப் பெயர் செடியா என்று கோபித்துக்கொள்வார். மூன்றாமவர், நார்க்கழிவை மூன்று தண்ணீரில் அலசி உப்பை இறக்காமல் போட்டால் வேர் கருகும் என்று சத்தியம் வாங்காத குறை. நாலாமவர் ஒருநாளும் அலசியதில்லை. அவர் வீட்டுக் கத்தரிக்காய்தான் நான்கில் பெரிது. மாடியேறி நான்கையும் நோட்டில் எழுதிக்கொள்வார். யாரையும் மறுத்துப் பேசமாட்டார். இந்த ஒரு குணத்துக்காகவே ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு இரண்டாவது காப்பி கிடைக்கிறது.

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. மிளகாய் இலை சுருண்டிருந்தால் வீட்டுக்காரர் "வைரஸ்" என்று ஒரே சொல்லில் கதையை முடிப்பார். மாடியேறி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இலையைத் திருப்புவார். ஓரம் மேல்நோக்கி மடங்கி, படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகானால் சிலந்திப்பேன். முன்னதற்கு ஆறு கால், பின்னதற்கு எட்டு. ஆறு கால் பூச்சிக்கென்று வாங்கிய மருந்தில் பல, எட்டுக்காலை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் கொடுத்ததை அடித்து அடித்து அலுத்துப்போன பலர் இதைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆதம்பாக்கத்தில் ஒரு மாமியின் பூசணிக்கொடி விவகாரம் இன்னும் பேசப்படுகிறது.

"தினம் தினம் பூக்கறது. ஒண்ணு தங்கலை. எல்லாம் உதிர்ந்து கொட்டறது" என்றார் மாமி.

மாடியேறி கொடியை ஒரு சுற்று வந்தார். "மாமி, வந்திருக்கிறது பூரா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பொண்ணு இன்னும் வரலை."

பூசணியில் ஆண் பூதான் முதலில் வரும். வெறும் நீளக் காம்பின் நுனியில் நின்று பூத்து உதிரும். பெண் பூ சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதன் அடியில், பூப்பதற்கு முன்பே, கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்லிவிட்டுப் போனவர், போன் வந்ததும் ஒரு நாள் விடியற்காலை ஆறு மணிக்கு வந்து நின்றார். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்தார். இதழ்களை உரித்தார். நடுவில் நின்ற மஞ்சள் பொடித் தண்டைப் பெண் பூவின் நடுவில் மூன்று முறை மெல்லத் தொட்டு எடுத்தார். மாமி கையில் அட்சதை இல்லாததுதான் குறை. அந்தக் காய் மூன்றரைக் கிலோவுக்கு வந்தது. அந்தத் தெருவில் இப்போது அவருக்குத் தரகர் என்று பெயர்.

மாடித்தோட்டக்காரருக்கு மாடியேறி ஏன் வேண்டியிருக்கிறார் என்பது அவர் வீட்டாரைப் பார்த்தால் புரியும். மனைவிக்குத் தண்ணீர் லாரி கவலை. மகனுக்குத் துணி காயப்போட இடமில்லையே என்ற கவலை. மச்சினர் மேலே வந்தாலோ, பைக்கு என்ன விலை, உரத்துக்கு எவ்வளவு ஆச்சு என்று விசாரித்து, மனக்கணக்குப் போட்டு, "அப்ப இந்தக் கத்தரிக்காய் கிலோ நானூறு ரூபா விழுதே மாப்பிள்ளை. கோயம்பேட்டுல நாப்பதுக்குத் தரானே" என்று முடித்துவிட்டுப் போவார். மாடியேறி இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. ஒற்றைக் கத்தரிக்காய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்ன பளபளப்பு!" என்று சொல்ல உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். அதற்காக அவர் கேட்பதையெல்லாம் கொடுக்கலாம்.

கேட்கவும் செய்வார். "ஒரே ஒரு கொப்பு" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் வார்த்தை. கற்பூரவள்ளி, பிரண்டை, தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கைப் போத்து என்று கிளை வைத்தால் வருகிற எதையும் விடமாட்டார். கேட்டு வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் வளரும் என்று மணி பிளான்ட்டுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்தச் சலுகையை அவர் மற்ற செடிகளுக்கும் நீட்டித்திருக்கிறார் என்று சில வீடுகளில் சந்தேகம். விதையில் அவருக்குக் கௌரவம் அதிகம். மூக்குத்தி அவரை, வாள் அவரை, சிறகவரை என்று வாங்கிய இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கொடுக்கும்போது கூடவே புத்திமதியும் வரும்: சிறகவரை பகல் குறுகினால்தான் பூக்கும், தையில் போட்டுவிட்டு வெறும் கொடியைப் பார்த்துத் திட்டாதே, ஆடியில் போடு.

வாங்கிய இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அவர் கொண்டுபோகிறவற்றில் மாவுப்பூச்சியும் ஒன்று. ஒரு வீட்டுச் செம்பருத்திக் கொப்பில் திருநீறு பூசினாற்போல ஒட்டியிருந்தது, நனைந்த செய்தித்தாளுக்குள் சொகுசாகப் பயணம் செய்து, அடுத்த வாரம் இன்னொரு வீட்டு மாடியில் குடியேறியது. அங்கிருந்த எறும்புகள் அதைத் தூக்கிப் போய்ச் செடிக்குச் செடி சேர்த்தன. சின்ன விஷயமில்லை. மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே வெள்ளையடித்தது. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. இந்தச் சரித்திரத்தை மாடியேறி பல மாடிகளில், தேதியோடு, விரிவாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து ஒரு கொப்பை எடுத்துக் கொடுப்பார்.

மீன் அமில விபத்தைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் நிறைவாகாது. மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டு மூடி வைத்தால் இருபத்தொரு நாளில் அமிலம் தயார். நாற்பது நாள் விட்டாலும் தப்பில்லை. பக்குவமானது பழ வாசனை அடிக்கும் என்று தயாரித்தவர்கள் சொல்வார்கள். பழம் எது என்று சொல்லமாட்டார்கள். மாதவரம் பக்கம் ஒருவர் கொடுத்தது பன்னிரண்டே நாள் ஆனது. உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும் சரக்கை இறுக்க மூடக் கூடாது, காற்றுப் போக வழிவிட வேண்டும் என்பது மாடியேறியின் நோட்டிலேயே இருக்கிறது, அடிக்கோடிட்டு. ஆனால் அவருடைய பாட்டில்களின் பெருமையே மூடி இறுக்கம்தான். மே மாத மத்தியானம், கூட்டமான பஸ், அண்ணா நகர் தாண்டியதும் பைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. அங்கிருந்து வீடு வரை நடந்தே வந்தவருக்குப் பூனைகள் துணை வந்தன.

எல்லாம் சரி, அவர் மாடியில் என்ன இருக்கிறது?

சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை, பை, நார்க்கழிவுக் கட்டி, விதை எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது 2013-14இல். முதல் வரிசையில் நின்று வாங்கியவர்களில் மாடியேறியும் ஒருவர். அந்தப் பைகள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மடித்தது மடித்தபடி இருக்கின்றன. மேலாக இருப்பதில் புறா முட்டை வைத்திருக்கிறது. நார்க்கழிவுக் கட்டிகளில் ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மாடிக் கதவு காற்றில் அறையாதபடி முட்டுக்கொடுத்து நிற்கிறது. விதைகள் மாத்திரை டப்பாக்களில், பெயர், தேதி, கொடுத்தவர் ஊர் எழுதி, பீரோவில் வரிசையாக இருக்கின்றன. ஏன் இன்னும் போடவில்லை என்றால் காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடி வெயிலை மறைக்குமா என்று தெரிய வேண்டும். தளத்துக்கு ஒரு கோட் பூச வேண்டும். கலவை இன்னும் முடிவாகவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அவர் பத்து ஆடிக்கு மேல் தேடிவிட்டார், விதைப்பதுதான் பாக்கி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கிளம்பத் தயாராகத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது, காலிங் பெல் அடித்தது. பூசணி மாமி, நங்கநல்லூர்க்காரர், கொளத்தூர்க்காரர். "எத்தனை நாள் நீங்களே வருவீங்க? இன்னைக்கு உங்க தோட்டம்" என்றார் மாமி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மூவரும் பாதிப் படியில் இருந்தார்கள்.

மேலே, கதவுக்கு முட்டாக நின்ற நார்க்கழிவுக் கட்டியைக் கொளத்தூர்க்காரர் தாண்டிப்போனார். புறா ஒன்று எழுந்து பறந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்போது மாமி, "அடேயப்பா!" என்றார்.

துவைகல்லுக்குப் பின்னால், குழாய்க்கு அடியில், தளம் விரிந்த இடுக்கில் ஒரு தக்காளிச் செடி. கொத்துக் கொத்தாகக் காய். ஒரு இலையில் சுருக்கம் இல்லை. மூவரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். மாடியேறிக்கே அது புதுசு. அவர் அந்த மூலைக்குப் போய் மாதக்கணக்காகிறது.

காப்பித் தட்டோடு மேலே வந்த அவர் மனைவியிடம் நங்கநல்லூர்க்காரர் பயபக்தியோடு கேட்டார்: "என்ன போடறீங்கம்மா?"

"நான் என்னத்தப் போட்டேன்? அழுகின தக்காளி ஒண்ண அந்தப் பக்கம் வீசினேன். அரிசி களைஞ்ச தண்ணிய அங்கதான் ஊத்துவேன்."

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி பையிலிருந்து நோட்டை எடுத்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"முதல் கழநியா, ரெண்டாவது கழநியா?"