கால்வாய் நகரவில்லை, கட்சிகள் நகர்ந்தன

கேள்வி: தேர்தல் அறிக்கையில் சொன்னதைப் பிறகு மாற்றிப் பேசலாமா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் வீட்டு வாசல் கடலையே பாருங்களேன்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலைத் தூர்வாரிக் கப்பல் வழி அமைக்கும் சேது சமுத்திரக் கால்வாய் வேண்டும் என்று 2001 தேர்தல் அறிக்கையில் கேட்டது அ.தி.மு.க. 2013-ல் திட்டத்தையே கைவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது ஜெயலலிதா அரசு. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது வாஜ்பாய் அரசு. 2005 ஜூலை 2-ல் மதுரையில் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கி வைத்த பிறகு, கால்வாய்ப் பாதையில் உள்ள ராமர் பாலத்தை இடிக்கிறார்கள் என்று கொடி பிடித்தது பா.ஜ.க. காங்கிரஸ் மட்டும் என்னவாம்? ராமர் இருந்ததற்கு ஆதாரமில்லை என்று 2007-ல் நீதிமன்றத்தில் மனு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கியது.

தி.மு.க. நிலை மாறவில்லை. ஆனால் வேலையும் முடியவில்லை.

2023 ஜனவரி 12-ல் திட்டத்தை நிறைவேற்றக் கோரி சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அ.தி.மு.க.வும் ஆதரவு; பாலத்துக்குச் சேதம் கூடாது என்ற நிபந்தனையோடு பா.ஜ.க.வும் ஆதரவு! எதிர்த்தவர்களும் கை தூக்கிய அதிசயம் அது.

மனம் மாறுவது குற்றமல்ல. ஏன் மாறினோம் என்று மக்களிடம் சொல்லாததுதான் குற்றம். தூர்வாரினால் மீன்வளம் போகும் என்று தொடக்கத்திலிருந்தே சொன்ன மீனவர்களிடம் யார் விளக்கம் சொன்னார்கள்?

டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1860-ல் கொடுத்த யோசனை இந்தக் கால்வாய். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.