அட்டையில் இல்லாத ஐட்டம்

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் பிரதமரின் திட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்சி மாறியும் அட்டை சாகவில்லை. தமிழ்நாட்டில் அதுவே ஒரு மருத்துவ அதிசயம்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் மட்டும் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. (நெஞ்சுவலி வருவதற்கு முன்பே வருமானச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.)

தரத்துக்கும் குறைச்சல் இல்லை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பறைச் சுவரில் என்.ஏ.பி.எச். தரச்சான்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் சந்தனப் பொட்டோடு தொங்குகிறது. அதன் கீழே, மேலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் மஞ்சப்பையைத் துழாவி அட்டையை எடுத்து நீட்டினார். முன் அனுமதிக்குக் கணினியில் தட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு குறியீட்டு எண் இருந்தது.

"ஏய்யா, டாக்டரு எனக்கு என்ன பண்ணப் போறாருன்னு கொஞ்சம் நின்னு சொல்லுவாரா?"

கவுண்டர் பையன் திரையை மேலும் கீழும் உருட்டினான்.

"அது பேக்கேஜ்ல இல்ல அப்பத்தா. வீட்டுக்குப் போற அன்னிக்கு ஒரு ஃபாரம் தருவோம். அதுல 'நன்றாக விளக்கினார்'ங்கிற எடத்துல ஒரு டிக் போட்டுருங்க."