சர்க்கரை ஒன்று, பில் இரண்டு

கே: எனக்கும் மனைவிக்கும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. இதயத்துக்கு வரும் ஆபத்தும் சரிபாதிதானே?
– ஒரு கணவர், திருச்சி

ப: சர்க்கரை ஒன்றுதான். பில் மட்டும் அம்மாவுக்குக் கூடுதல். 64 ஆய்வுகளில் இருந்த எட்டரை லட்சம் பேரின் தகவலைத் திரட்டி 2014-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்க்கரை இல்லாத ஆணைவிடச் சர்க்கரை உள்ள ஆணுக்கு இதயநோய் வாய்ப்பு 2.16 மடங்கு. பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட்டால் 2.82 மடங்கு.

கே: அப்படியென்றால் ஆண்கள் மைசூர்பாகில் கை வைக்கலாமா?
– அவரே

ப: இதைக் கேட்கத்தான் முதல் கேள்வியா? மடங்கு வேறு, மொத்தம் வேறு. சர்க்கரை இல்லாமலே ஆணுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதிகம். அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். கை தானாகப் பின்வாங்கும்.

கே: மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது என்கிறாளே பக்கத்து வீட்டுக்காரி?
– வாசகி, மதுரை

ப: வராது என்றில்லை, குறைவு. அந்தச் சலுகையிலும் சர்க்கரை கை வைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடக்கும் ஆய்வு இதை 1970-களிலேயே கண்டது. சர்க்கரை இருந்தால் இதயம் செயலிழக்கும் வாய்ப்பு ஆணுக்கு இரு மடங்குக்குச் சற்று மேல், பெண்ணுக்கு ஐந்து மடங்கு.

கே: பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வஞ்சனை?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: ஆணுக்குத் தொப்பை கொஞ்சம் விழுந்ததுமே சர்க்கரை வந்துவிடும். பெண்ணுடல் தாக்குப்பிடிக்கும். டாக்டர் சீட்டில் 'சர்க்கரை' என்று எழுதுவதற்குள் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் அவள் ரத்தக்குழாயில் பல வருடம் குடியிருந்திருக்கும். பொறுமைக்குக் கிடைத்த பரிசு!

கே: அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நெஞ்சு வலிக்கவில்லை, திடீரென்று மூச்சு வாங்கி, வியர்த்துக் கொட்டியது. வாயு என்று சோடா கொடுத்தோம். சரிதானே?
– மகன், தஞ்சாவூர்

ப: இல்லை. சர்க்கரை நரம்பைக் கெடுப்பதால் மாரடைப்பு வலிக்காமலும் வரும். மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று பெண்களிடம் மாறுவேடத்திலும் வரும். சோடாவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி சொல்லட்டும், அது வாயுவா என்று.

கே: கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது. இனி கவலையில்லையே?
– இளம் தாய், சேலம்

ப: போயிருக்கிறது, சாவியைக் கொடுக்காமல். அப்படி வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கோப்பில் உங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டும் இருக்கட்டும்.

கே: முதல் கடிதம் எழுதியவரின் மனைவி நான். அவரை வருடா வருடம் செக்கப்புக்கு அழைத்துப் போவதே நான்தான். எனக்கு எப்போது?
– அதே வீடு, திருச்சி

ப: அடுத்த முறை டோக்கன் இரண்டு வாங்குங்கள். முதல் டோக்கன் உங்களுக்கு.