கடைசி பெஞ்ச் நோட்டைக் கேளுங்கள்

கேள்வி: பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கிவிட்டோம். எல்லாரும் கட்டடத்தைத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது? (ஓர் அப்பா, தாராபுரம்)

பதில்: மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். முதல் ரேங்க் பிள்ளையுடையதை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம், கடைசி பெஞ்சுப் பிள்ளையுடையது வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். 52-லிருந்து 27 போனால் 35 என்று எங்காவது எழுதியிருக்கும். 2-லிருந்து 7 போகாது என்றதும், 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவது அந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்கிற தப்பு. டீச்சர் சிவப்பு மையில் இன்ட்டு போட்டு, 'திருத்தம்' என்று மூன்று தடவை எழுத வைத்திருந்தால், குழந்தை 25 என்ற விடையை மூன்று தடவை பார்த்து எழுதியிருக்கிறது. கழித்தல் இன்னும் வரவில்லை. அதே பக்கத்தில் பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துப் படம் போட்டு, கீழே அதே மாதிரி இன்னும் இரண்டு கணக்கு கொடுத்திருந்தால், அந்த டீச்சர் குழந்தை எங்கே தடுக்கியது என்று தேடிப் போயிருக்கிறார். தைரியமாகச் சேர்க்கலாம்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகன் தமிழில் 100-க்கு 96. பள்ளி நல்ல பள்ளிதானே? (ஓர் அம்மா, மன்னார்குடி)

பதில்: அவன் இதுவரை பார்த்தே இராத ஒரு சிறுவர் கதையை எடுங்கள். நடுப்பக்கத்தில் விரல் வைத்து, "இங்கிருந்து வாசி கண்ணு" என்று சொல்லுங்கள். 2005-லிருந்து 'அசர்' ஆய்வுக்காரர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது சில எழுத்துகள், சில சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை, அவ்வளவுதான். 2024 கணக்குப்படி நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேலானவர்களால் அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை. அத்தனை பேரும் நாலு வகுப்பு தாண்டி வந்தவர்கள். உங்கள் மகன் வாசித்துவிட்டால் டீச்சரைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்கள். தடுமாறினால் அப்போதும் தேடிப் போங்கள், சண்டைக்கு வேண்டாம், பேசுவதற்கு.

கேள்வி: எங்கள் ஹெச்.எம். வராண்டாவில் நடந்தாலே பள்ளிக்கூடம் கப்சிப். இதுதானே தலைமை? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: அவர் முன்னால் ஒரு பிள்ளை கை தூக்கி, "சார், எனக்குப் புரியலை" என்று சொல்கிறதா? சொன்னால் தலைமை.

கேள்வி: நானும் ஓர் உதவி ஆசிரியையும் மட்டும். ஐந்து வகுப்பு. எமிஸ் இணையதளப் பதிவு, காலை உணவு, விலையில்லாப் பொருள்கள் கணக்கு எல்லாம் என் தலையில். என் தலைமைத் திறனை எதை வைத்து அளப்பீர்கள்? (தலைமையாசிரியர், சங்கராபுரம்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. அதைத் தாண்டித் தலைமையாசிரியர் என்று தனியாக ஒருவர் வேண்டுமானால் 150 பிள்ளைகளுக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, சின்னப் பள்ளியில் தலைமையாசிரியர் முழுநேர வகுப்பாசிரியர். நிர்வாகம் அதற்கு மேல் ஏற்றி வைத்த மூட்டை. பெரிய பள்ளிக்கு வைத்த அளவுகோலோடு உங்களிடம் வருவது அநியாயம்.

ஆனாலும் இரண்டை மட்டும் உங்களிடம் எதிர்பார்ப்பேன். காலை முதல் இரண்டு பாடவேளையில் எந்தப் படிவம் கேட்டு யார் போன் செய்தாலும், பிள்ளைகளை விட்டு எழுந்து போகாமல் இருப்பது ஒன்று. சாயங்காலம் பெல் அடித்தபின் அந்த ஆசிரியையிடம், "இன்னைக்கு யாருக்கு ஏறலை டீச்சர்?" என்று கேட்பது மற்றொன்று. அவர் ஒரு பெயர் சொன்னால், "நாளைக்கு அவனை என் பக்கம் அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பேச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பள்ளிக்கூடம் அதில்தான் நடக்கிறது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே அவர்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும் என்பதற்காக. ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் டிசம்பரிலும் அங்கேயே நிற்பது யார் யார் என்று பட்டியலைப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடிந்தால், நீங்கள் நல்ல தலைமையாசிரியர். அதற்கு மேல் அளக்க வருகிறவர்கள் முதலில் எமிஸ் வேலைக்கு ஓர் ஆள் கொடுக்கட்டும்.

கேள்வி: ஆண்டாய்வு என்றால் பாடக்குறிப்பையும் பதிவேட்டையும் புரட்டிவிட்டுப் போகிறார்கள். என் வகுப்பை எப்போது பார்ப்பார்கள்? (இடைநிலை ஆசிரியை, அறந்தாங்கி)

பதில்: நீங்களே கூப்பிடுங்கள். "ஒரு பாடவேளை முழுக்க பின்னால உட்காருங்க சார்" என்று கேட்டால் மறுக்கிற அதிகாரி குறைவு. பாடம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, நீங்கள் கேள்வி கேட்டபோது அதே மூன்று பிள்ளைகளே பதில் சொன்னார்களா, மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையெல்லாம் முன்னால் நிற்கும் உங்களைவிட பின்னால் உட்கார்ந்தவர்தான் நன்றாகக் கவனிக்க முடியும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குறை எதுவானாலும் பிள்ளைகள் போனபின் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர் முன்னால் டீச்சரைத் திட்டுகிறவர், அடுத்த நாள் அந்த வகுப்பில் பாடம் நடக்காமல் செய்துவிட்டுப் போகிறார்.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு இருந்தால் கற்பித்தல் தரம் கூடுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: கரண்ட் போன அன்று வகுப்பைப் பாருங்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம். எட்டாவது வரை படித்த நான் டீச்சர்களை என்னவென்று கேட்பது? (ஓர் அம்மா, உசிலம்பட்டி)

பதில்: நீங்கள் கேட்கத்தான் அந்தக் குழுவே. கல்வி உரிமைச் சட்டம் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கச் சொல்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை. சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசுங்கள், அவையும் வேண்டும். கையெழுத்துப் போடுமுன் இதையும் கேளுங்கள்: "மூணாங் கிளாஸ்ல வாசிக்க வராத பிள்ளைங்க எத்தனை பேரு? அவங்களுக்கு என்ன செய்றீங்க?" ஒவ்வொரு பிள்ளையின் கற்றலையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித் தருவதும், பெற்றோரைக் கூப்பிட்டு அதைப் பேசுவதும் ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நல்ல ஹெச்.எம். மாறுதலில் போய்விட்டார். ஒரே வருஷத்தில் பள்ளி படுத்துவிட்டது. அவரைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்கலாமா? (முன்னாள் மாணவர், ஆலங்குளம்)

பதில்: கொடுங்கள். ஆனால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போங்கள். காலையில் எத்தனை மணிக்கு வந்தார், எந்த நாளில் எந்த வகுப்பில் உட்கார்ந்தார், லீவு போட்ட பிள்ளையின் வீட்டுக்கு யாரை அனுப்பினார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரைக் குறை சொல்லாமல், அந்தத் தாளோடு அவரைப் போய்ப் பாருங்கள். "இதுல எதை நாங்க பார்த்துக்கலாம் சார்?" என்று கேளுங்கள். பிள்ளை வராத வீட்டுக்குப் போய் விசாரிக்கிற வேலையை ஊர்க்காரர்களே நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.